மணிமங்கலம்: ஏரிக்கரையும் ஆலைப் பேருந்தும்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கு நோக்கிப் பயணம் செய்வோர், வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும், மாநகரம் தம்மை விட்டு மெல்ல விலகுவதை உணர்வர். அடுக்குமாடி வீடுகள் குறைகின்றன. வயல்களும், மனைக்கற்கள் நடப்பட்ட முன்னாள் வயல்களும், நீண்டு கிடக்கும் ஏரிக்கரைகளும் கண்ணில் படுகின்றன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்தால் மணிமங்கலம். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், பெயரில் மங்கலத்தையும் வரலாற்றில் போர்க்களத்தையும் சுமந்து நிற்பது.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தைப் படித்தோர்க்கு மணிமங்கலம் என்னும் பெயர் புதிதன்று. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. அச்செப்பேட்டை வெளியிட்டவன் நரசிம்மவர்மனின் பெயரனாகிய முதலாம் பரமேசுவரவர்மன். இங்கே தோற்றுத் திரும்பிய சாளுக்கியரின் தலைநகரான வாதாபி, 642-ஆம் ஆண்டில் பல்லவர் கைப்பட்டது. பின்னர்ச் சோழர் காலத்தில் இவ்வூர் சதுர்வேதிமங்கலமாகச் சிறந்து விளங்கிற்று. இராசகோபாலப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலான மன்னர்களின் காலத்துக் கல்வெட்டுகளைக் காண்கிறோம். தருமேசுவரர் கோயிலின் விமானம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்து அமைந்த தூங்கானை மாட வகையைச் சேர்ந்தது.

ஊருக்கு உயிர் அதன் ஏரி. அடையாற்றுக்கு நீர் வழங்கும் ஏரிகளுள் மணிமங்கலம் ஏரியும் ஒன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் பெருமழையில் இப்பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, கீழ்ப்புறத்திலுள்ள வரதராசபுரமும் முடிச்சூரும் வெள்ளத்தில் மூழ்கியதை நாடறியும்.

இத்துணைத் தொன்மை வாய்ந்த ஊருக்கு இம்முறை நாம் சென்றது கல்வெட்டுப் படிப்பதற்காக அன்று. பட்டம் பெற்ற கையோடு தென் மாவட்டங்களிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும், ஏன், ஒடிசா, பீகார் முதலிய தொலைதூர மாநிலங்களிலிருந்தும் இப்பகுதிக்கு வந்து குடியேறும் நம் பிள்ளைகள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் காணவே சென்றோம்.

ஆலைகள் சூழ்ந்த வரலாறு

மணிமங்கலத்துக்கு மேற்கே திருப்பெரும்புதூர், வடமேற்கே இருங்காட்டுக்கோட்டை, தென்மேற்கே ஒரகடம். இவற்றை இணைத்துக் கோடு வரைந்தால் கிடைக்கும் நிலப்பரப்பு, இந்தியாவின் பெரிய தொழில் வளாகங்களுள் ஒன்று. இது நேற்று முளைத்ததன்று. ஒரு தலைமுறைக் கதை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து உற்பத்தி 1998-இல் தொடங்கிற்று. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை பிறந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்பீல்டு ஆலை 2013-இலும் இயங்கத் தொடங்கின. இவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு ஆலைகள் எண்ணிலடங்கா.

இதே காலத்தில் தமிழகத்தின் கல்வியும் பரந்து விரிந்தது. பட்டதாரி எவரும் இல்லாத குடும்பத்திலிருந்து தொழிற்கல்விக்கு வரும் முதற்பிள்ளைக்குக் கல்விக்கட்டணச் சலுகை 2010-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டது. 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுகையில் உயர்கல்வியில் சேர்ந்தோரின் விகிதம் தமிழகத்தில் 47. நாடு முழுவதற்குமான விகிதமோ 28.4 மட்டுமே. ஏர் பிடித்த கையும், வலை வீசிய கையும், பீடி சுற்றிய கையும் தம் பிள்ளையின் கையில் பட்டத்தைக் கண்டன. இது சிறிய சாதனையன்று.

ஆனால் பட்டம் பெற்ற மறுநாள் என்ன செய்வது என்பதைச் சொல்லித்தர அந்த வீட்டில் எவருக்கும் அனுபவமில்லை. தந்தைக்குத் தெரிந்தது நிலம். தாய்க்குத் தெரிந்தது அடுக்களையும் சீட்டுப் பணமும். விண்ணப்பம், நேர்காணல், நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு ஆகிய யாவும் அவர்களுக்கும் புதியவை. எனவே வீட்டின் முதற்பட்டதாரியான பிள்ளை தன் வழியைத் தானே கண்டறிய வேண்டியவனாகிறான்.

மாடியறை வாழ்க்கை

மணிமங்கலத்தின் தெருக்களில் நடந்தால், பழைய ஓட்டு வீடுகளுக்கு அருகே மாடிமேல் மாடியாக எழுந்த புதுக் கட்டடங்களைக் காணலாம். கதவுதோறும் நான்கைந்து சோடி காலணிகள். கொடியில் ஒரே நிறத்துச் சீருடைகள் காய்கின்றன. பகல் பதினொரு மணிக்குச் சன்னல்கள் சாத்தியிருந்தால் உள்ளே இரவு ஷிப்டு முடித்தோர் உறங்குகின்றனர் என்று பொருள். அவர்கள் எழும் வேளையில் அறைத்தோழர் அடுத்த ஷிப்டுக்குப் புறப்பட்டிருப்பார். ஒரே அறையில் வாழ்ந்தும் வாரத்துக்கு ஒரு முறையே முகம் பார்த்துப் பேசுவோர் உண்டு.

சாலை முனையில் ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் உணவுப் பெட்டியுடன் இளைஞர்கள் ஏறுகின்றனர். அவர்களுள் பொறியியல் பட்டதாரி இருப்பார். வணிகவியல் படித்தவரும் வேதியியல் படித்தவரும் இருப்பர். சீருடை அணிந்தபின் யார் எதைப் படித்தார் என்று அடையாளம் காண இயலாது. இயந்திரத்துக்கு அருகே நின்று எட்டு மணி நேரம் ஒரே வேலையைச் செய்யும்போது, 'இதற்காகவா நான்கு ஆண்டு படித்தேன்?' என்னும் கேள்வி அவர்களுள் பலர் நெஞ்சில் எழுகிறது. இக்கேள்வியைச் சோம்பல் என்று தள்ளிவிடுதல் முறையன்று. வேலையை வெறுத்து அவர்கள் இதைக் கேட்பதில்லை. கற்ற கல்விக்கும் செய்யும் தொழிலுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டே கேட்கின்றனர்.

இன்னுமொரு மாற்றத்தையும் நாம் இங்கே கவனிக்க வேண்டும். கல்லூரியில் ஆறு மாதத்துக்கு ஒரு பருவம் முடிகிறது, தேர்வு வருகிறது, முடிவும் வருகிறது. முதலாண்டு மாணவன் இரண்டாமாண்டு மாணவனாகிறான். தான் எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு தொலைவு என்பதை அவன் அறிவான். ஐந்து வயது முதல் இருபத்திரண்டு வயது வரை இந்த ஏணியிலேயே ஏறி வந்தவன், வேலைக்கு வந்ததும் திடீரெனப் படிகளே இல்லாத சமவெளியில் நிற்கிறான். இங்கே எவரும் மதிப்பெண் இடுவதில்லை. ஓராண்டு உழைத்தபின் அடுத்த வகுப்புக்கு உயர்த்துவார் எவருமிலர். தான் வளர்கிறோமா தேங்கி நிற்கிறோமா என்பது அவனுக்கே விளங்குவதில்லை. பட்டம் பெற்ற பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் காரணமின்றி வாடுவதாகப் பெற்றோர் வருந்துகின்றனர். காரணம் இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

கையொப்பமிடும் தாள்

இப்பகுதியில் வேலை கிடைத்தது என்னும் ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் உள்ளன. நிரந்தரப் பணியாளர், குறித்த கால ஒப்பந்தப் பணியாளர், ஒப்பந்ததாரர் வழி வந்த தொழிலாளர், அப்ரண்டிஸ் எனப்படும் தொழிற்பழகுநர் ஆகிய நால்வரும் ஒரே கூரையின்கீழ் நிற்கலாம். சீருடையும் ஒன்றாக இருக்கலாம். எனினும் அவர்களின் உரிமைகள் வெவ்வேறானவை.

தொழிற்பழகுநர் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெறுபவர். அச்சட்டம் அவரைத் தொழிலாளராகக் கருதுவதில்லை. அவருக்குக் கிடைப்பது ஊதியமன்று, உதவித்தொகை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநர்க்கு மாதம் 9,000 ரூபாயும், டிப்ளமோ படித்தவர்க்கு 8,000 ரூபாயும் குறைந்த அளவாக நிர்ணயித்தன. வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்று நிறுவனத்தை வற்புறுத்தவும் இயலாது. இவ்வேற்பாட்டில் தவறில்லை, தொழில் கற்க நல்ல வாயிலே அது. ஆனால் 'மகனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை' என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த குடும்பம், ஓராண்டு முடிந்து அவன் பெட்டியுடன் திரும்பும்போது, அவனிடமே குறை காண்கிறது. கடிதத்தின் தலைப்பை முதலிலேயே படித்திருந்தால் அந்த வேதனை நேர்ந்திராது.

ஒப்பந்ததாரர் வழி வருவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பந்ததாரர் கூலி தராது போனால் ஆலை உரிமையாளரே அதைத் தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. தம்மைப் பணியில் அமர்த்தியவரின் பெயரையும், பிடித்தம் செய்யப்படும் தொகையையும் அறியாத இளைஞர் இந்நெறியால் பயனடைவது எங்ஙனம்?

வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளரின் பங்கு பொதுவாக 12 விழுக்காடு. வேலை தருபவரும் அதே அளவு செலுத்துகிறார். அவர் செலுத்துவதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. பத்தாண்டுப் பணி நிறைந்தவர்க்கே அவ்வோய்வூதியத்தில் தகுதி உண்டு. வேலை மாறுந்தோறும் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடும் வழக்கம் இப்பகுதி இளைஞரிடையே பரவலாக உள்ளது. எடுத்த பணம் ஒரு கைப்பேசியாகவோ பண்டிகைச் செலவாகவோ கரைகிறது. சேர்ந்த ஆண்டுகளும் அதனோடு கரைகின்றன. கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுதலே அறிவுடைமை.

இரு நிகழ்ச்சிகள்

திருப்பெரும்புதூர்ப் பகுதியின் அண்மை வரலாறு இளைஞர்க்கு ஒரு பாடநூல். நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளைஞர், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், தம் வாழ்வின் முதல் ஊதியத்தைப் பெற்றனர். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினர். ஊரில் சுவர் எழுப்பினர். 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்திற்று. இருபதுகளின் நடுவில் இருந்தோர் பலர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த வளாகத்தைப் பின்னர்ச் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கி, மீண்டும் தொழில் நடைபெறச் செய்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்ததென்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளை அந்த இளைஞர்க்கு யார் திருப்பித் தர இயலும்? எவ்வளவு பெரிய நிறுவனமாயினும் அதன் வாயில் என்றென்றும் திறந்திருக்கும் என்று எண்ணி, தன் முழு வாழ்வையும் கடனையும் அதன்மேல் கட்டுதல் ஆகாது.

மற்றொன்று 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது. பாக்ஸ்கான் ஆலைப் பெண் பணியாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. தட்டில் விழும் சோறும், படுக்கும் பாயும், குளிக்கும் நீரும் வேலையின் ஒரு பகுதியே என்பதை அப்பெண்கள் நாட்டுக்கு உணர்த்தினர். 2024-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வல்லம் வடகாலில் 706 கோடியே 50 இலட்சம் ரூபாய்ச் செலவில், 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர், ஊதியத்துக்காகவும் தம் சங்கத்தை ஏற்குமாறும் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். இவற்றைப் பற்றிய கருத்து எவர்க்கும் எவ்வாறும் இருக்கலாம். தேர்வுத்தாளில் வந்த வினாவுக்கு மட்டும் விடை எழுதப் பழகியவர்கள், தாமே வினா எழுப்பக் கற்றுக்கொண்டனர் என்பது தெளிவு. அதுவும் பருவம் எய்துதலின் ஓர் அடையாளமே.

வீட்டுக்கும் அறைக்கும் இடையே

இனி, பெற்றோராகிய வாசக அன்பர்களிடம் சில சொற்கள்.

பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பவை யாவை? சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா, எப்போது நிரந்தரம் செய்வார்கள் ஆகிய மூன்றே. முதற்கேள்வி அன்பு, இரண்டாவது தேவை, மூன்றாவதோ பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றுக்கு அவனிடம் கணக்குக் கேட்பது. அதன்பின் எதிர்வீட்டுப் பிள்ளை பெங்களூரில் வாங்கும் சம்பளமும் பேச்சில் வந்துவிடுமானால், அடுத்த வாரம் அழைப்பு குறையும். அதற்கடுத்த வாரம், 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்னும் ஒற்றை வரியே வரும். வேலை போன செய்தியைக்கூட மூன்று மாதம் வீட்டுக்கு மறைத்து, நண்பர்களிடம் கடன் வாங்கி, ஊதியம் போல வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பொய்யர் அல்லர். நம் முகம் வாடுமே என்று அஞ்சுபவர்கள்.

பணத்தைப் பற்றி மறைவின்றிப் பேசிக்கொள்ளும் குடும்பத்தில் இத்துன்பம் குறையும். கல்விக்கடன் பெற்றோர்க்கு, வங்கிகளின் பொது நெறிப்படி, படிப்பு முடிந்தபின் ஓராண்டு வரை தவணை ஒத்திவைக்கப்படுகிறது. ஆனால் கடன் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறுகிறது. அறைக்கு முன்பணம், மெஸ் கட்டணம், ஊருக்குச் சென்றுவரும் செலவு, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்த்தல் நலம். முதல் ஆண்டில் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் குறைவாக வந்தாலும், பிள்ளை வயிறார உண்டு, கந்துவட்டிக்கு ஆட்படாமல் இருப்பானாயின் அதுவே இலாபம். தவணை கட்ட இயலாத நிலை வந்தால், வங்கி நோட்டீசு வருமுன் மேலாளரை நேரில் கண்டு காலநீட்டிப்புக் கேட்டல் வேண்டும்.

பெண்மக்கள் செய்தி தனியே சொல்லத்தக்கது. பட்டம் பெற்று இங்கே வரும் பெண்ணுக்கு முதன்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கும், தன் விருப்பப்படி செலவிடும் சிறு தொகையும், தன் ஊர் சாராத தோழியரும் கிட்டுகின்றனர். ஈராண்டு முடிந்ததும், 'போதும், வந்துவிடு. மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம்' என்று வீட்டிலிருந்து சொல் வருகிறது. மணவாழ்வு நல்லதே. எனினும் அவள் சேர்த்த பணத்தில் அவளுக்கு எவ்வளவு, மணத்துக்குப்பின் அவள் வேலையைத் தொடர்வாளா என்பவற்றை அவளையும் அமர்த்திக் கலந்து பேசும் வீடுகள் எத்தனை? பட்டம் வரை அவளை நம்பிப் படிக்கவைத்த நாம், அதற்கு மேலும் நம்புவதில் என்ன தடை?

இளைஞர்க்கும் சில சொற்கள்

தம்பி, தங்கையரே! நியமனக் கடிதத்தைப் படித்து, ஐயமிருந்தால் கேட்டு, அதன்பின் கையொப்பமிடுங்கள். ஊதியச் சீட்டுகளை மாதந்தோறும் சேமித்து வையுங்கள். இரவு ஷிப்டு முடிந்தால் முதலில் உறங்குங்கள், கைப்பேசி காத்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கல்லூரிப் பருவத்தேர்வு போல, நீங்களே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இந்த அரையாண்டில் புதிதாக என்ன தொழில் கற்றோம், எவ்வளவு சேமித்தோம், எந்த நட்பைப் பேணினோம் என்று எழுதிப் பாருங்கள். யாரும் மதிப்பெண் இடாத இடத்தில் இவ்வழக்கம் உங்களுக்குத் துணை நிற்கும். இருக்கும் வேலை படித்த படிப்புக்கு ஏற்றதன்று என்றால், அதனை இழிவாகக் கருதாமலும், அதிலேயே அமிழ்ந்து விடாமலும், அடுத்த படிக்குரிய பயிற்சியை மாலை நேரத்தில் தொடங்குங்கள். துன்பம் மிகுந்து மனம் இருண்டால் ஒருவரிடமேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறைத்தோழரின் முகம் இருண்டிருந்தால் நீங்களே கேளுங்கள்.

ஊராரின் பங்கு

மணிமங்கலத்து மக்கள் ஏரியின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு நீர் இறங்குகிறது. வழியை அடைத்தால் வெள்ளம் ஊருக்குள் புகுகிறது. தொழில் வளர்ச்சியால் இவ்வூருக்கு வாடகை வருவாய் வந்துள்ளது, கடைகளும் பெருகியுள்ளன. அச்செல்வத்தைக் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு நல்ல குடிநீரும், காற்று வரும் சன்னலும், அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தை முறையாகத் திருப்பித்தரும் நேர்மையும் கிடைக்குமாயின், ஊருக்கும் பெருமை. வேற்றுமொழி பேசுவோரை ஐயக்கண்ணோடு நோக்காது, அவரும் எங்கோ ஒரு தாயின் பிள்ளை என்று கருதும் பண்பு வளர்தல் வேண்டும்.

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிலிருந்தும் இவ்வாண்டு பட்டம் பெறும் பிள்ளைகள் இத்திசை நோக்கிப் புறப்படுவர். பெட்டியில் ஊறுகாயும் புதுச் சட்டையும் வைத்து அனுப்புவோம். அவற்றோடு, வேலை கிடைக்காத மாதத்திலும் வேலை போன நாளிலும் இந்த வீட்டுக் கதவைத் தட்ட நாணம் வேண்டா என்னும் உறுதியையும் புறப்படும் முன்பே வாய்திறந்து சொல்லி அனுப்புவோம்.